பட்டாளத்தாரின் பெயரைக் கீழே இறக்காதீர்கள்: நம் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், நினைவுக் கல் குழுவினருக்கும் வணக்கம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள பூங்காவில், போர்க்காலத்தில் இராணுவத்தில் பணியாற்றிய இவ்வூர்க்காரர்களின் பெயர்களைப் பொறித்துக் கருங்கல் ஒன்று நிறுத்துவதாக மன்றம் தீர்மானம் போட்டிருக்கிறது. வரும் டிசம்பர் 7, கொடி நாளன்று திறப்பு விழா என்றும் அறிவித்திருக்கிறீர்கள். நல்ல தீர்மானம். எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியத்தை இப்போதாவது கையில் எடுத்த உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த வரைவுப் பட்டியலைப் படித்தேன். ஒரு பெயரைக் காணவில்லை. கடைவீதியில் முடிதிருத்தகம் வைத்திருந்தவர், சிறியவரும் பெரியவரும் பட்டாளத்தார் என்று அழைத்தவர், சென்ற ஆண்டு காலமானவர். அவர் பெயரை இந்த மடலில் நான் எழுதப்போவதில்லை. அது முதலில் கல்லில் வரட்டும் என்பது அவர் குடும்பத்தாரின் விருப்பம். யாரைச் சொல்கிறேன் என்பது இந்த ஊரில் எவருக்கும் புரியும்.

குழுவில் விசாரித்தபோது கிடைத்த பதில் இது: அவர் பட்டாளத்தில் முடி வெட்டியவர்தானே, சண்டை போட்ட வீரர் இல்லையே. சிலர் மறுத்துப் பேசிய பிறகு ஒரு சமரசம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாப் பெயர்களும் முடிந்த பின், ஒரு கோடு போட்டு, உதவிப் பணியாளர் என்று தலைப்பிட்டு, சிறிய எழுத்தில் அவர் பெயரைச் சேர்க்கலாம் என்கிறார்கள். பெயர் விடுபட்டதைவிட இந்தச் சமரசம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. விடுபட்டதை மறதி என்று எடுத்துக்கொள்ளலாம். கோடு போட்டுக் கீழே எழுதுவது யோசித்துச் செய்கிற காரியம்.

அவர் யார் என்பதை உங்களில் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவருடைய தந்தை இந்த ஊருக்கே சவரத் தொழில் செய்தவர். கடை என்று ஒன்று கிடையாது. அடைப்பப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். திண்ணையில் உட்கார இடமில்லை. தொழுவத்துப் பக்கமோ கிணற்றடியோதான். கூலி காசாக வராது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் போய் நின்றால் நெல் அளந்து போடுவார்கள். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவருக்கு வேலை உண்டு, மாட்டேன் என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை. தாயார் மருத்துவச்சி. இன்று மன்றத்தில் அமர்ந்திருப்பவர்களின் பெற்றோர் பலர் அந்த அம்மாளின் கையில்தான் பிறந்தார்கள். களத்து நெல் அளந்து போட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஆகவே இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை; எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயாலேயே கேட்டு வளர்ந்தவன் எழுதுகிறேன்.

1962 அக்டோபரில் சீனாவுடன் போர் மூண்டது. ஒரு மாதத்தில் அது முடிந்தாலும் நாடு அடைந்த அதிர்ச்சி பெரியது. படையின் பலத்தை 8,25,000 பேராக உயர்த்த அரசு முடிவெடுத்தது. ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். 1963இல் இவர் யாரிடமும் சொல்லாமல் போய் வரிசையில் நின்றார். உயரம் சரி, மார்பளவு சரி. தகப்பனார் தொழில் என்ன என்று கேட்டார்கள். சொன்னார். பார்பர் என்று எழுதிக்கொண்டார்கள். எந்தத் தொழிலைவிட்டு ஓடிவந்தாரோ அதையே பட்டாளமும் அவர் கையில் கொடுத்தது. அன்று இரவு முகாமில் அழுததாக என்னிடம் ஒருமுறை சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இல்லை, அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் மீது ஒரு பரிவு இருந்தது.

குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையத்தில் அவருக்கு எண் கொடுத்தார்கள், சீருடை கொடுத்தார்கள். 1758 வரை தன் வேர்களைச் சொல்லிக்கொள்ளும் பழைய படைப்பிரிவு அது. தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் கலந்திருந்த பட்டாலியன். நான்கு மொழியிலும் தலையைக் குனியச் சொல்ல அங்கே பழகிக்கொண்டார்.

அங்கே அவர் கண்ட ஒன்றை அடிக்கடி சொல்வார். நம் ஊரில் அவர் தந்தை தொட்டுச் சவரம் செய்தால், குளிக்காமல் யாரும் வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். பட்டாளத்தில் அவர் முன்னால் உட்கார்ந்து எழுந்த சிப்பாய், கழுத்து மயிரைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக லங்கருக்கு, அதாவது பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவான். இவரும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு அதே வரிசையில் தட்டோடு போய் நிற்பார். பக்கத்தில் நிற்பவன் இவர் இன்ன சாதி என்று தெரிந்தேதான் நிற்பான். இராணுவத்தில் சாதியே இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் தட்டு ஒன்று, வரிசை ஒன்று என்பதை அங்கேதான் பார்த்தேன் என்பார்.

இனி 1971. அதைத்தானே குழு கேட்கிறது, அவர் போரில் என்ன செய்தார் என்று.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் மேற்கு எல்லையை ஒட்டிய நம் விமானத் தளங்களைத் தாக்கின. 13 நாள் போர். டிசம்பர் 16 அன்று டாக்காவில் சுமார் 93,000 பேர் சரணடைந்ததை நாம் பள்ளியில் படித்தோம். மேற்கே நடந்ததைப் பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. பாகிஸ்தானின் சகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து நம் படை போனது. ஆற்றின் இரு பக்கமும் கண்ணிவெடி விதைத்திருந்தார்கள். 21 வயது இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் தன் டாங்கியைவிட்டு இறங்க மறுத்துப் போரிட்டு உயிர்விட்டதும், போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்றதும் அந்த முனையில்தான். பட்டாளத்தார் இருந்ததும் அந்த முனையில்தான்.

சண்டை நடக்கும்போது யாரும் முடி வெட்டிக்கொள்வதில்லை. அப்போது பார்பருக்கும் சமையல்காரருக்கும் சலவைக்காரருக்கும் வேறு வேலை. இருட்டியதும் தோட்டாப் பெட்டிகளை முன்னணிக்குச் சுமந்து செல்வது, திரும்பும்போது காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வருவது. கண்ணிவெடிகளை அகற்றிப் பொறியாளர் படையினர் ஒரு பாதை திறந்து, இரு ஓரமும் வெள்ளை நாடா கட்டியிருப்பார்கள். அதற்குள்தான் நடக்க வேண்டும். அந்த இரவுகளைப் பற்றிப் பட்டாளத்தார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நாடாவுக்கு வெளியே கால் போகக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவன் வலியில் அம்மா என்று அலறுவான். குண்டு விழுந்துகொண்டிருக்கும். ஆனாலும் ஓடக் கூடாது. ஓடினால் கால் தடுமாறும். அவன் அலறுவதைக் கேட்டுக்கொண்டே மெதுவாக நடக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.”

பெருமக்களே, இதைச் சண்டை இல்லை என்று சொல்லும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

17ஆம் தேதி இரவு துப்பாக்கிகள் ஓய்ந்தன. இறந்தவர்களைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். எரியூட்டும் முன், ஒரு குவளையில் வெந்நீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு பட்டாளத்தார் ஒவ்வொருவராகப் போய்ச் சவரம் செய்தார். யாரும் உத்தரவு போடவில்லை. எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “அவர்களில் ஒருவனையும் நான் தாடியோடு அணிவகுப்புக்கு அனுப்பியதில்லை” என்றார்.

அந்தப் போருக்காகப் பஷ்சிமி ஸ்டார், சங்ராம் மெடல் என்னும் இரண்டு பதக்கங்கள் அவருக்குக் கிடைத்தன. வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியில் அவை இன்றும் இருக்கின்றன. குழுவினர் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

குழு சொல்லும் காரணத்தில் ஒரு துளி உண்மை உண்டு. அதை நான் மறைக்கவில்லை. அந்நாளில் பார்பர், சமையல்காரர், சலவைக்காரர், துப்புரவாளர் ஆகியோரை இராணுவம் போரிடாத பிரிவு என்று தனியாக வகைப்படுத்தி வைத்திருந்தது. ஆனால் அவர்களும் முறைப்படி படையில் பதிவு செய்யப்பட்டவர்கள். 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்தியது. அனுமதி இல்லாமல் முகாமைவிட்டுப் போனால் சிப்பாய்க்கு என்ன தண்டனையோ அதுதான் பார்பருக்கும். முன்னாள் படைவீரர் என்றால் யார் என்று மத்திய அரசே வரையறுத்திருக்கிறது. மத்தியக் குடிமைப் பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு மறுவேலை அளிப்பதற்கான 1979ஆம் ஆண்டு விதிகளைப் புரட்டிப் பாருங்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை இவற்றில் போரிடுபவராகவோ போரிடாதவராகவோ எந்தப் பதவியில் இருந்தவரும் அந்த வரையறைக்குள் வருவார் என்று அதில் எழுதியிருக்கிறது. தில்லி ஒரே சொல்லில் அடக்கியவர்களை நாம் நம் பூங்காவில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டுமா?

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பவர்கள் அனைவரும் எதிரியை நோக்கிச் சுட்டவர்களா? ஒருவர் எழுத்தராக இருந்தார். ஒருவர் லாரி ஓட்டினார். இன்னொருவர் பணிமனையில் வண்டிகளைப் பழுது பார்த்தார். அவர்கள் பெயர் இருப்பது முற்றிலும் நியாயம். லாரியும் எழுத்தரும் இல்லாமல் எந்தப் படையும் ஒருநாள்கூட நிற்காது. ஆனால் லாரி ஓட்டியவர் வீரர், முடி வெட்டியவர் உதவிப் பணியாளர் என்றால், அந்த வேறுபாடு போர்க்களத்தில் உண்டானதல்ல. நம் ஊரில் ஏற்கெனவே இருந்தது. அதைக் கல்லில் ஏற்றப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

சவரக்கத்திக்கும் போருக்கும் என்ன தொடர்பு என்று குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். நல்ல கேள்வி. ஐரோப்பாவில் போர்க்கள அறுவை மருத்துவத்துக்கு வழிகாட்டிய அம்புருவாஸ் பாரே, 16ஆம் நூற்றாண்டில் நாவிதர் தொழிலிலிருந்து வந்தவர். குண்டுக் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவது அன்றைய வழக்கம். எண்ணெய் தீர்ந்துபோன ஒரு நாளில், முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்த மருந்தைப் பூசினார். அந்த மருந்து பூசப்பட்டவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். நம் நாட்டிலும் கட்டியைக் கீறியவர்களும் பிரசவம் பார்த்தவர்களும் இந்தச் சமூகத்தார்தான். மருத்துவர் என்ற பெயர் அவர்களுக்குச் சும்மா வரவில்லை.

இன்னொரு பெயரையும் குழு அறிந்திருக்க வேண்டும். ராம் சந்தர். சலவைத் தொழிலாளி. 1947 டிசம்பரில் ஜம்மு காஷ்மீரில் படை வண்டிகளை எதிரிகள் வழிமறித்துத் தாக்கினார்கள். குண்டு மழைக்கு நடுவே தடையை அகற்ற அதிகாரிக்குத் துணை நின்றார் ராம் சந்தர். அதிகாரி காயம்பட்டதும் துப்பாக்கியை எடுத்துத் தாமே சுட்டார். பிறகு அந்த அதிகாரியைத் தாங்கிப் பிடித்து மைல் கணக்கில் நடத்திக் கொண்டுபோய்ப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்தார். அவருக்கு இந்த நாடு மகாவீர் சக்கரம் கொடுத்தது. போர்க்கால வீரத்துக்கான விருதுகளில் இரண்டாவது உயர்ந்தது. துணி துவைப்பவர் என்று கீழே ஒரு கோடு போட்டுக் கொடுக்கவில்லை.

இப்படிக் கோடு போடுவது புதிதும் அல்ல. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 5,63,000 பேர் சுமை தூக்கியும் சமைத்தும் துவைத்தும் சவரம் செய்தும் படையோடு போனவர்கள். மாண்டவர்களை நினைவுகூர்வதில் வேற்றுமை காட்ட மாட்டோம் என்று சொல்லித் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே, ஆசிய ஆப்பிரிக்க மக்களில் மிகப் பலரின் பெயர்களை எங்கும் பொறிக்காமல் விட்டதை 2021இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு. கேட்க வேண்டியவர் எவரும் அப்போது உயிரோடு இல்லை. நமக்கு அந்த நிலை வர வேண்டாம். கல் இன்னும் கல்தச்சரின் பட்டறையில்தான் இருக்கிறது.

இனி அவர் ஊர் திரும்பிய பிறகு நடந்தது. எனக்கு அவர் பட்டாளத்தில் செய்ததைவிட இது பெரிது.

1983இல் ஓய்வு பெற்று வந்தார். தொழுவத்துப் பக்கம் போகவில்லை. கடைவீதியில் வாடகைக்கு இடம் பிடித்து, சுழல் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டு, கண்ணாடிக்கு மேலே விலைப்பட்டியலை மாட்டினார். இந்த ஊரில் முடி வெட்டுவதற்கு இவ்வளவு பணம் என்று எழுதி மாட்டியதை அன்றுதான் பார்த்தோம். களத்து நெல் வாங்க மாட்டேன் என்று வீடு வீடாகப் போய் மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். வாசலில் நின்று, நேராகப் பார்த்து, கையைக் கட்டிக்கொள்ளாமல் பேசினார். அதற்காக எங்கள் பாட்டி கோபித்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

கடை திறந்த சில நாட்களில் காலனியிலிருந்து ஓர் இளைஞர் வந்து வாசலில் தயங்கி நின்றார். அதுவரை அவர்கள் முடி வெட்டிக்கொள்ளப் பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். உள்ளூரில் வெட்டக் கூடாது என்பது எழுதாத சட்டம். எழுதிய சட்டம் வேறு மாதிரி இருந்தது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருந்தது. தீண்டாமையைக் காரணம் காட்டிக் கடையில் சேவை மறுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. பட்டாளத்தார் சட்டம் எதையும் பேசவில்லை. துண்டை உதறி, “வாருங்கள் தம்பி, உட்காருங்கள்” என்றார்.

மறுநாளே பெரிய மனிதர்கள் சிலர் கடைக்கு வந்தார்கள். காலனிக்காரர்களுக்கென்று வேறு நாற்காலி போடு, அல்லது வேறு நேரம் வை என்றார்கள். “என்னிடம் ஒரு நாற்காலிதான் இருக்கிறது, நேரம் காலை ஆறிலிருந்து” என்று பதில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அதன்பிறகு நெடுநாள் கடைவீதியின் பாதிப் பேர் அந்தக் கடைக்குப் போகவில்லை. கண்ணாடியை உடைத்தார்கள். புதுக் கண்ணாடி மாட்டினார். மீண்டும் உடைத்தார்கள். உடைந்த கண்ணாடியையே ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

அவர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். துணிச்சல் ஒரு காரணம். அதே துணிச்சல் அவர் தந்தைக்கும் இருந்திருக்கலாம். ஆனால் களத்தில் நெல் அளப்பவர் கையை நிறுத்தினால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. மகனுக்கு மாதம் பிறந்தால் இராணுவ ஓய்வூதியம் வந்தது. ஊர் சேர்ந்து வயிற்றில் அடிக்க முடியாத முதல் முடிதிருத்துபவர் அவர். அந்த ஓய்வூதியத்தை அவர் தம் வசதிக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதை வைத்து ஒரு நாற்காலியை எல்லாருக்கும் பொதுவாக்கினார். மெல்ல மெல்லப் போகாதவர்களும் போனார்கள். இன்று இந்த ஊரில் எத்தனையோ முடிதிருத்தகங்கள் இருக்கின்றன, எதிலும் யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை. அந்த நிலைமை தானாக வந்துவிடவில்லை.

அவர் கடையில் உட்கார்ந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை தவிர எல்லா நாளும் ஆறு மணிக்குத் திறந்திருக்கும். வந்த நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துக் காத்திருப்பவர்களுக்குக் கொடுப்பார். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பற்றிய பேச்சு பரவியபோது, ஊரில் முதலில் பழைய கத்தியை எடுத்து வைத்தவர் அவர்தான். ஒவ்வொருவருக்கும் புது பிளேடு. காகித உறையைப் பிரிக்காமலே, வாடிக்கையாளர் கண் எதிரே, இரு விரலால் மடக்கி அதைப் பாதியாக முறிப்பார். டக் என்று ஒரு சத்தம் கேட்கும். பார்த்துக்கொண்டீர்களா என்பதுபோல் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கத்தியில் பொருத்துவார். முடிந்ததும் படிகாரத்தை நனைத்துத் தாடை முழுக்கத் தேய்ப்பார். எரியும். இராணுவத்தில் இதற்குப் பெயர் சென்ட் என்பார்.

ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகிற பையன்களிடம் காசு வாங்க மாட்டார். முடியைக் கட்டையாக வெட்டிவிட்டு, 1,600 மீட்டரை எப்படி ஓட வேண்டும், முதல் சுற்றில் ஏன் மூச்சை இறைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பார். கார்கில் காலத்தில் பணியில் இருந்தவர்கள் என்று உங்கள் பட்டியலில் உள்ள சிலர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நேராக முகாமுக்குப் போனவர்கள். அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

சாவு வீட்டு வேலைக்கு அவர் போவதில்லை. தந்தையை அதட்டிக் கூப்பிட்ட வீடுகளுக்கு மகன் வர மாட்டான் என்று வந்த முதல் ஆண்டே சொல்லிவிட்டார். அதில் கடைசிவரை மாறவில்லை. ஆனால் ஊரில் முன்னாள் இராணுவத்தார் எவர் இறந்தாலும், எந்தத் தெருவாக இருந்தாலும், கூப்பிடாமலே போய் நிற்பார். சட்டையை மடித்துவிட்டு, வெந்நீர் கேட்டு வாங்கி, அந்த முகத்துக்குச் சவரம் செய்துவிட்டு, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டு வருவார். பணம் நீட்டினால் வாங்க மாட்டார். அவர் கடையைப் புறக்கணித்த ஒரு பெரியவர் இறந்தபோதும் போனார். அந்தப் பெரியவர் 1965 போரில் இருந்தவர். கட்டாயத்தின் பேரில் செய்ய மறுத்த ஒன்றைப் பட்டாளத்தார் தம் விருப்பத்தின் பேரில் செய்தார். இரண்டுக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

நீங்கள் தயாரித்திருக்கும் பட்டியலில் காலமானவர்களின் பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிச் சவரம் அவர் கையால்தான். அவர்களையெல்லாம் மேலே எழுதிவிட்டு, அவர்களை அனுப்பி வைத்தவரைக் கோட்டுக்குக் கீழே எழுதப்போகிறோமா? அந்தக் குடும்பங்கள் இதை ஏற்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் பேசிப் பார்த்த வீடுகளில் ஒருவரும் ஏற்கவில்லை.

பழைய ஊர்களில் முதல் உலகப் போர்க் காலத்துக் கல் பலகைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். இந்தக் கிராமத்திலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. பெயர் இல்லை, பதவி இல்லை. பெயர் இல்லாதது குறைதான். நாம் பெயர்களைப் போடுகிறோம், அது முன்னேற்றம். அந்த முன்னேற்றத்தோடு சேர்த்து வரிசைப் பிரிவினையையும் கல்லில் கொண்டுவர வேண்டாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பெயர்களைப் படையில் சேர்ந்த ஆண்டின்படி வரிசைப்படுத்துங்கள். 1963இல் அவர் பெயர் எங்கே வருகிறதோ அங்கே வரட்டும். எழுத்தின் அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஹவில்தார், நாயக் என்று பதவியைப் போடுவதாக இருந்தால், அவர் பெயருக்குப் பக்கத்தில் பார்பர் என்று தயங்காமல் போடுங்கள். அதை மறைக்கச் சொல்லி அவர் குடும்பம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தொழிலோடுதான் அவர் போருக்குப் போனார், அந்தத் தொழிலோடுதான் நம் கடைவீதியில் நிமிர்ந்து நின்றார். பதவியே வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று எல்லாருக்கும் பொதுவாக முடிவெடுத்தாலும் சரிதான்.

அவருடைய விடுவிப்புப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழங்கிய அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களைக் குடும்பத்தாரின் அனுமதியோடு பேரூராட்சி அலுவலகத்தில் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறேன். கல்தச்சர் எழுத்து வெட்டத் தொடங்கும் முன்பாக, அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக எடுத்து விவாதியுங்கள். கூட்டத்துக்கு வந்து பேச முன்னாள் படைவீரர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். எடுக்கிற முடிவு எதுவானாலும், தலைவரின் கையொப்பத்தோடு எழுத்துமூலம் அவருடைய மனைவிக்கு அனுப்பி வையுங்கள். ஆள் விட்டு வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாவது வார்டு வாக்காளன், பட்டாளத்தாரின் வாடிக்கையாளன்